நம்பர் போட்ட மரங்கள்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஆபீசில் ஒரு பேர் இருந்தது. வேலூருக்கும் மெட்ராசுக்கும் போகிற கடிதங்களைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்த ஓவர்சியர் நான் ஒருவன்தான் என்று எங்கள் அதிகாரியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது. இன்று யாராவது என் இங்கிலீஷைப் பாராட்டினால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன். ஏன் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜவ்வாது மலையில் ஒரு ஊர்க்காரர் பேசியதை நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். மொத்தம் இரண்டு வாக்கியம். அதை நினைத்தால் இத்தனை வயதுக்குப் பிறகும் கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. போளூர், செங்கம் எல்லாம் அப்போது வட ஆற்காடு மாவட்டம். எதற்கெடுத்தாலும் வேலூருக்கு ஓடவேண்டும். நான் போளூரில் ரோடு போடுகிற ஒரு அரசு ஆபீசில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம். எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை போய்விடக்கூடாது என்கிற பயம் எனக்குக் காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பயந்தவன் எல்லாரும் நான் செய்ததைச் செய்துவிடுவதில்லை.

மலை ரோட்டிலிருந்து பிரிந்து காட்டுக்குள் மூன்று மைல் நடந்தால் அந்த ஊர் வரும். முப்பது வீடு இருக்கும். சாமை போடுவார்கள். புளிய மரங்கள் நிறைய. ஊருக்கு இருந்தது ஒற்றையடிப் பாதை மட்டும்தான். புளியைத் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுவந்து ரோட்டோரம் வைத்துவிட்டால் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. இது கீழே காத்திருக்கிற வியாபாரிக்கும் தெரியும். அவன் சொல்கிற விலைதான் விலை. காய்ச்சல் வந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். ஊருக்கு ஒரு ரோடு வேண்டும், வேறு ஒன்றும் அவர்கள் கேட்கவில்லை.

ரோடு போட மாநில அரசு சம்மதித்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மைலும் காப்புக்காடு. காட்டு நிலத்தில் ஒரு முழம் எடுத்து வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டாலும் டெல்லியின் அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. அதற்கு முன்னால் அதையெல்லாம் மாநிலமே முடிவு செய்துகொள்ளும். எனவே மாநிலம் கேட்க வேண்டும், மத்திய அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மண்வெட்டி காட்டுக்குள் போக முடியும். மரங்களைக் காப்பாற்ற வந்த சட்டம்தான், தப்பில்லை.

வழியை அளந்தது நான். சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, ரோடு போகப்போகிற தடத்தில் நிற்கிற ஒவ்வொரு மரத்திலும் கொஞ்சம் பட்டையைச் செதுக்கி, வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டேன். வேங்கை, கடுக்காய், நாவல், நெல்லி. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் சுற்றளவும் இனமும் எழுதி அழகாக ஒரு பட்டியல் தயார் செய்தேன். இத்தனை மரம் நிற்கிறது, இவற்றை எடுக்க அனுமதி கொடுங்கள் என்று டெல்லியைக் கேட்பதற்கான பட்டியல் அது.

பிறகு ஃபைல் கிளம்பியது. போளூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து மெட்ராஸ், மெட்ராசிலிருந்து டெல்லி. வேறு வழி இல்லையா என்று டெல்லி மெட்ராசைக் கேட்டது. மெட்ராஸ் வேலூரைக் கேட்டது. வேலூர் எங்களைக் கேட்டது. ‘இல்லை’ என்று நான் எழுதினேன். அந்த ஒரு ‘இல்லை’ டெல்லிக்குப் போய்ச் சேர ஐந்து மாதம் ஆனது. எங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் “அது டெல்லி விவகாரம்” என்பார்கள். டெல்லியிலிருந்து வருகிற கடிதத்தில் ‘மாநில அரசிடமிருந்து பதில் வரவில்லை’ என்று இருக்கும்.

ஊர்க்கவுண்டர் மாதம் ஒரு தடவை போளூருக்கு வருவார். அந்த மலையூர்களில் ஊருக்குத் தலைவராக இருப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வயதுக்காரர், ஒல்லி, சட்டை போடாமல் தோளில் துண்டு மட்டும் போட்டிருப்பார். என் மேஜைக்கு நேராக வந்து நிற்பார். நாற்காலி காட்டினால் உட்கார மாட்டார்.

“இன்னாங்க ஆச்சி நம்ம ரோடு?”

“டெல்லியில இருக்குதுங்க.”

“போன மாசம் மெட்ராஸ்ல இருக்குதுன்னீங்க.”

“அங்கேர்ந்து போய்ட்டுது.”

“அப்ப கிட்ட வருதா, தூரமாப் போவுதா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். மத்திய சர்க்கார், மாநில சர்க்கார் என்று இரண்டு இருக்கிறது, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் ஆகும் என்று பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டு நின்றவர், “எங்க ஊர்லயும் ரெண்டு பங்காளி பேசிக்க மாட்டானுங்க. ஆனா கோவில் காரியம்னா வந்து ஒண்ணா நிப்பானுங்க. இவங்களுக்கு அப்டி ஒண்ணும் இல்லியா?” என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “பண்ணிடுவாங்க, பொறுங்க” என்று அனுப்பிவைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, இடத்தை நேரில் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் அதிகாரிக்கு உதறல் எடுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

“டெல்லி ஆளுய்யா. மூணு மைல் நடப்பாரா? பாதி வழியில திரும்பிட்டார்னா அவ்ளோதான், ஃபைலத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஜீப் ஊர் வரைக்கும் போவணும்.”

“வழி இல்லியே சார்.”

“உன் ஊர்க்காரங்ககிட்ட சொல்லு. எப்டின்னு என்னைக் கேக்காத.”

மறுநாளே மலைக்குப் போனேன். நான் வந்திருக்கிறேன் என்றதும் ஊர்க்கவுண்டர் கோவில் முன்னால் ஊரைக் கூட்டிவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று வெளியில் சொல்லக்கூடாது. பேசி முடித்தபிறகு அது ஊர் சொன்னது. நல்லதோ கெட்டதோ, வெளியாள் கேட்டால் ஊர்க்கவுண்டர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். அதனாலேயே வெளியாட்களைக் கூட்டத்தில் உட்கார விடமாட்டார்கள். நான் எழுந்து தள்ளிப் போகப் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் என் கையைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தார்.

“ஒக்காருங்க. ஒண்ணரை வருசமா எங்களுக்காக எழுதறீங்க. நீங்களும் இந்த ஊர்தான்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பெரிய அதிகாரி வருகிறார், ஜீப் ஊர் வரைக்கும் வரவேண்டும், நம்பர் போட்ட தடத்தில் வழியைச் சுத்தம் பண்ணி வையுங்கள் என்றேன். அது அவர்களுக்குப் புதிதில்லை. வருடா வருடம் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பாதையை வெட்டிச் சீர் பண்ணுவார்கள். கூட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு அம்மா மட்டும் கேட்டாள்.

“மரங் கீதே நடுவுல? அத்த இன்னா பண்றது?”

இந்த இடத்தில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனையோ விதமாக இதை நான் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். புதரைத்தான் சொன்னேன், அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று. அது பொய். அவள் மரம் என்றுதான் கேட்டாள், எனக்குத் தெளிவாகவே கேட்டது. நாலு மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் அடுத்த பஸ். நான் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னேன்.

“நம்பர் போட்டதெல்லாம் எப்டியும் போவப்போறதுதானே.”

அவர்களில் பலர் காட்டில் கூப்பு வேலை பார்த்தவர்கள். அரசாங்கம் ஏலம் விடுகிற பகுதியில் மரம் வெட்டுகிற வேலை அது. அங்கே நம்பர் போட்ட மரம் என்றால் வெட்டவேண்டிய மரம். இத்தனை நாள் என் பட்டியல் மரங்களை அவர்கள் தொடாமல் இருந்ததே, நான் சொல்லவேண்டும் என்று காத்திருந்ததால்தான். சொல்லிவிட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் என்று மூன்று நாள் வேலை செய்திருக்கிறார்கள். சின்ன மரம் எல்லாவற்றையும், ஜீப்புக்கு இடைஞ்சலான பெரிய மரங்களையும் சேர்த்து நாற்பதுக்கு மேல் சாய்த்துவிட்டார்கள். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கத்து மரம் என்று ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

டெல்லி அதிகாரி வந்த அன்று இரண்டு ஜீப். முன்னால் அவரும் எங்கள் அதிகாரியும். பின்னால் நானும் மாநில வனத்துறை ரேஞ்சரும். நான் பெரிய முரடனை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் நரைத்த தலையோடு மெதுவாகப் பேசுகிற மனிதர். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தண்ணீர் பாட்டில். மலை ரோடு முடிந்து ஜீப் காட்டுக்குள் திரும்பியபோது, “ஏன், நடந்து போகலாமே, அதற்குத்தான் தயாராக வந்தேன்” என்று இங்கிலீஷில் சொன்னாராம். எங்கள் அதிகாரி இதை என்னிடம் பிறகு சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் முன் ஜீப் நின்றது. அவர் இறங்கினார். பாதையின் நடுவில், தரையை ஒட்டி வெட்டிய ஒரு வேங்கையின் அடிக்கட்டை. வேங்கையை வெட்டினால் ரத்தம் போலச் சிவப்பாக ஒரு பால் வடியும், அது கட்டையெல்லாம் வழிந்து உறைந்திருந்தது. அவர் பையிலிருந்து என் பட்டியலை எடுத்தார். ஓரத்தில் கிடந்த மரத்தைக் குனிந்து பார்த்து நம்பரைக் கண்டுபிடித்தார். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே நான் எழுதியிருந்தேன், வேங்கை, நிற்கிறது என்று. அடுத்ததுக்கு நடந்தார். அதற்கடுத்ததுக்கும் நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம்.

“பட்டியல் நன்றாக இருந்தது. அனுமதிக்கச் சொல்லி எழுதலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்” என்றார். கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு, “அனுமதிக்கு முன்னால் வெட்டச் சொன்னது யார்?” என்று கேட்டார்.

ரேஞ்சர் எங்கள் அதிகாரியைப் பார்த்தார். எங்கள் அதிகாரி ரேஞ்சரைப் பார்த்தார். ஒன்றரை வருடமாக ஒருவர் கடிதத்துக்கு ஒருவர் பதில் போடாத இரண்டு ஆபீஸ்கள் அந்த ஒரு நொடியில் ஒன்றாகிவிட்டன. “ஊர் ஜனங்க வேலை சார்” என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். டெல்லி அதிகாரி, ஊர்க்காரர்களிடமே கேட்கவேண்டும் என்றார். எங்கள் அதிகாரி, என் இங்கிலீஷைப் புகழ்ந்த அதே அதிகாரி, என்னை முன்னால் தள்ளினார்.

வழியில் வரவேற்க ஊரே நின்றிருந்தது. நிலைமை சரியில்லை என்று அவர்களுக்கு முகங்களைப் பார்த்தே புரிந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

“மரத்த வெட்டச் சொன்னது யாருன்னு கேக்கறாருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். நான் சொன்னேன் என்று இங்கிலீஷில் சொல்ல மூன்று சொல் போதும், அந்த மூன்றும் எனக்குத் தெரியும்.

“ஊரு சொல்லிச்சிங்க” என்றார் அவர்.

‘அவர்களாகவே முடிவு செய்து வெட்டிவிட்டார்கள்’ என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர்களாகவே என்பது நான் சேர்த்தது. யாரும் என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை.

டெல்லி அதிகாரி அதோடு விடவில்லை. வெளியிலிருந்து யாராவது வந்து சொன்னார்களா என்று கேட்டார். நல்ல மனிதர், அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். அதையும் நான் தமிழில் கேட்டேன். ஊர்க்கவுண்டர் யோசிக்கவே இல்லை.

“வெளியாள் யாரும் இல்லீங்க. கூட்டத்துல இருந்தவங்க எல்லாம் ஊர்க்காரங்கதாங்க.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் வழக்கப்படி அது நிஜம். பாயில் உட்காரவைத்து, நீங்களும் இந்த ஊர்தான் என்று சொன்னாரே, அதை அவர் ஒப்புக்குச் சொல்லவில்லை. ஊர்க்காரனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நின்றார். அந்த ஊர்க்காரன் நான். ‘வெளியாட்கள் யாரும் இல்லை’ என்று சரியான இங்கிலீஷில், இலக்கணப் பிழை இல்லாமல், மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கூட்டத்தில் மரத்தைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாவும் அங்கேதான் நின்றாள். அவள் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

திரும்பி வரும்போது எங்கள் அதிகாரி என் முதுகில் தட்டி, “நல்லா சமாளிச்சய்யா” என்றார். அந்தத் தட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். வேலை தப்பியது என்று அன்று இரவு நன்றாகவே தூங்கினேன். வெட்கம் மெதுவாகத்தான் வந்தது. வந்தபிறகு போகவில்லை.

அனுமதி மறுத்து டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. முன்னால் எதற்கும் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்த ஃபைல் இந்த முறை நாலே வாரத்தில் டெல்லி, மெட்ராஸ், வேலூர் எல்லாம் கடந்து என் மேஜைக்கு வந்துவிட்டது. மத்திய அரசும் மாநில அரசும் ஒத்துழைத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கடிதத்தில் காரணமாக என் வாக்கியமே இருந்தது, ஊர்மக்கள் தாங்களாகவே வெட்டினார்கள் என்று. ஊர்க்கவுண்டர் மேலும் இன்னும் நாலு பேர் மேலும் வனத்துறை கேஸ் போட்டது. வாய்தா வாய்தாவாக அவர்கள் மலை இறங்கி வந்து போனார்கள். கோர்ட் இருக்கிற தெருப் பக்கம் போவதையே நான் நிறுத்திவிட்டேன். டீ குடிக்கக்கூட வேறு பக்கம் சுற்றிப் போனேன்.

கடைசியில் கோர்ட் கலைகிற வரைக்கும் நிற்கவேண்டும் என்று தீர்ப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐந்து பேரும் கோர்ட்டுக்குள் நின்றிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றபோது, எதிரே ஊர்க்கவுண்டர் வருவதைப் பார்த்தேன். ஒரு பஸ்ஸின் பின்னால் போய் ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார்.

“வூட்டுக்குப் போறீங்களா? நல்லாகீறீங்களா?” என்றார். நான் கோர்ட்டைப் பற்றிக் கேட்டேன். நின்ற கதையைச் சொன்னார். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது.

“என் பேரச் சொல்லியிருக்கலாமேங்க” என்றேன். கேட்டபிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது. எல்லாம் முடிந்தபிறகு கேட்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போல முகத்தைச் சுருக்கினார். “அத எப்டிங்க சொல்றது? அதும் இல்லாம உங்க வேலை பூட்சின்னா எங்க ரோட்டுக்கு யாரு எழுதுவாங்க?” என்றார்.

ஃபைல் மூடியாகிவிட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் நான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“வெட்டுன மரத்துக்குப் பதிலா கன்னு வெச்சிட்டோங்க. வேங்கைக்கு வேங்கை, நாவலுக்கு நாவல். வூட்டுக்கு ரெண்டு. பொம்பளைங்க கொடத்துல தண்ணி எடுத்தாந்து ஊத்தறாங்க. எல்லாம் புடிச்சிக்கிச்சி. வந்தாரே அந்தப் பெரியவரு, நல்ல மனுசன் மாதிரி இருந்தாரு. அவருக்கு இத்த எழுதிப் போடுங்க. உங்க இங்கிலீஷ்ல எழுதுனீங்கன்னா அவரு கேப்பாரு.”

“எழுதறேங்க” என்றேன்.

மலைக்குப் போகிற பஸ் வந்தது. மற்ற நாலு பேரோடு அவர் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக இன்னொரு தடவை சொன்னார். “கன்னு எல்லாம் பொழைச்சிக்கிச்சின்னு மறக்காம எழுதுங்க.”

டெல்லிக்கு எழுதினால் ஏன் நட்டார்கள் என்று கேட்பார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதில் போய் நிற்கும், வெட்டச் சொன்னது யார் என்று மறுபடியும் கேள்வி வரும். இரண்டு நாள் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் எழுதினேன், டெல்லிக்கு அல்ல, வேலூருக்கு. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு. அது பதினைந்து நாளில் வந்துவிட்டது.